பிளேன் ரெண்டு

பிளேன் இறங்கும் பலாலியில் இருந்து திருச்சிக்கு ஆகாய வழியில் எத்தனை கட்டை என்று கணக்கப்பிள்ளை ஆவுடையப்பனுக்குத் தெரியவில்லை. வியாழக்கிழமை காலைப் பெரட்டில் ஆள் பெயர் கூப்பிடும்போதும் இதே யோசனைதான். காளியாயி என்று கூப்பிட வேண்டிய இடத்தில் "பலாலி" என்று கூப்பிட்டார். பனிக்குக் காதை மூடிக் கட்டியிருந்த காளியாயியும், "வந்திருக்கேங்க" என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போய்விட்டாள்.

டிக்கோயாவுக்கு மேலே இருக்கும் குருவிக்கல் தோட்டத்தில் கட்டை என்றால் மைல். ரோட்டோரத்தில் மைலுக்கு ஒன்றாக நட்டிருக்கும் கல்லைப் பார்த்துத்தான் ஜனங்கள் தூரம் சொல்வார்கள். ஆகாயத்தில் கல் நட்டவர் யாரும் இல்லை. அதுதான் ஆவுடையப்பனின் சங்கடம்.

அவருக்கு எதற்கு ஆகாயத்துத் தூரம் என்றால், ஞாயிற்றுக்கிழமை அவருடைய மகள் நாகலெட்சுமியைப் பெண் பார்க்க வருகிறார்கள். வருபவர் ஹட்டன் புடவைக்கடை செல்லசாமி முதலாளி. இறம்பொடையில் இருந்து வந்து கடை போட்டு இரண்டு வருடம்தான் ஆகிறது. அதற்குள் சொந்தக் காரும், கழுத்தில் சங்கிலியும், கடை வாசலில் 'ஒரே விலை, ஒரே சொல்' என்ற பலகையும் வந்துவிட்டன. ஒரே மகன், குணசேகரம். நாகலெட்சுமிக்கு இருபத்துநான்கு வயது. ஏற்கனவே இரண்டு சம்பந்தம் தட்டிப்போயிருந்தது. ஒன்று ஜாதகத்தால் போனது, இன்னொன்று அப்பாவின் வாயால் போனது. மூன்றாவதும் போனால், நான்காவது வருவது நிச்சயம் இல்லை.

செய்தி கொண்டுவந்த தரகர் பழனியாண்டி, வெற்றிலையை மென்றுகொண்டே ஒரு விஷயத்தைக் கடைசிக்கு வைத்திருந்தார்.

"ரெண்டு சம்பந்தியும் ஆகாயத்துல பறந்தவங்க. ஜாதகத்த விட இதுதாங்க பெரிய பொருத்தம். முதலாளி ஒருவாட்டி இந்தியாவுல இருந்து பிளேன்ல வந்திருக்காரு. நீங்களும் பிளேன்ல வந்தவருன்னு சொன்னேன். அப்படின்னா ஒக்காந்து பேசணும், எத்தனை மைலு, எத்தனை நேரம் எல்லாம் கேக்கணும்னாரு."

ஆவுடையப்பன் சிரித்தார். அந்தச் சிரிப்பு தரகர் படியிறங்கும்வரைதான் தாங்கியது.

உண்மை என்னவென்றால், ஆவுடையப்பன் தம் வாழ்நாளில் ஏறிய அதிகபட்ச உயரம், தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மேல்மாடி. அங்கே நின்று கீழே பார்த்தாலே அவருக்குத் தலை சுற்றும்.

மூன்று வருடத்துக்கு முன்னால் தங்கை மகள் கல்யாணத்துக்குத் துறையூர் போனார். எல்லாரையும் போல ரயில், தனுஷ்கோடி, கப்பல், தலைமன்னார், மறுபடி ரயில் என்றுதான் திரும்பி வந்தார். கப்பலில் பாதி வழியில் குடலே வெளியே வந்துவிடும் போல இருந்தது. ஹட்டனில் இறங்கியபோது விடிந்தும் விடியாத பனி. ஸ்டேசன் வாசலில் சரிபுதீன் நானாவின் தேத்தண்ணிக் கடை. டிரங்குப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுப் பெஞ்சில் சாய்ந்தார். மூலையில் இன்னொரு பயணியும் மப்ளரைத் தலையோடு சுற்றிக்கொண்டு, கண் மட்டும் தெரிய முனகிக்கொண்டிருந்தான்.

சரிபுதீன் நானாவுக்கு ஒரு பழக்கம். வந்தவரிடம் பாலா, பிளேனா என்று கேட்பார். பால் ஊற்றாத வெறும் சாயம்தான் மலைநாட்டில் பிளேன்; ஒரு துண்டுச் சக்கரையைக் கடித்துக்கொண்டு குடிப்பது. கப்பலில் வந்த வயிறு பாலைக் கண்டால் திருப்பி அனுப்பிவிடும் என்பது அவருடைய அனுபவம். அவர் கேட்ட அதே நேரத்தில், கடை வாசலைக் கடந்துபோன தரகர் பழனியாண்டி, "இந்தியாவுல இருந்தா? எதுலங்க வந்தீங்க?" என்று கேட்டார்.

ஆவுடையப்பன் நானாவுக்குப் பதில் சொன்னார். "பிளேன்."

நானா உடனே உள்ளே பார்த்து, "பிளேன் ரெண்டு" என்று சத்தம் போட்டார். தரகர் வாயைப் பிளந்துகொண்டு போய்விட்டார். ஆவுடையப்பன் குடித்து முடித்து, பஸ் பிடித்து, தோட்டத்துக்கு வந்து சேர்வதற்குள் அவர் பறந்து வந்த செய்தி அவருக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது.

அந்த இடத்தில் ஒரு மனுஷன் என்ன செய்திருக்க வேண்டும்? அட, நான் குடித்தது பிளேன், வந்தது கப்பல் என்று சொல்லிச் சிரித்திருக்க வேண்டும். ஆனால் அன்று மாலை தோட்டத்து மேலதிகாரி கண்டாக்கையா அவரைக் கூப்பிட்டு முதல் தடவையாக நாற்காலியில் உட்காரச் சொன்னார். நாற்காலியில் உட்கார்ந்தபிறகு உண்மை பேச ஆவுடையப்பனால் முடியவில்லை.

அவருடைய அப்பன் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியில் மலை வரைக்கும் கால்நடையாக வந்தவர். கூட நடந்தவர்களில் பாதிப் பேரை வழியில் புதைத்துவிட்டு வந்தவர். அந்த மனுஷனுடைய மகனுக்குக் கப்பலில் வந்தேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. இதை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, வயிறும் எரிகிறது.

மூன்று வருடமாகத் தோட்டம் முழுவதும் அவருக்குப் 'பிளேன் கணக்கப்பிள்ளை' என்றே பெயர். எழவு வீட்டிலும் கல்யாண வீட்டிலும் பக்கத்தில் இடம் போட்டு, மேகம் எப்படி இருந்தது என்று கேட்டார்கள். ஈரமாக இருந்தது என்றார். எல்லாரிலும் அதிகமாக நம்பியவள் அவருடைய மனைவி மீனம்மா. கொழுந்து நிறுக்கும் மடுவத்திலும் தண்ணி பிடிக்கும் பீலிக்கரையிலும் சந்தையிலும் எந்தப் பேச்சு எடுத்தாலும் அதை எப்படியாவது வானத்துக்குக் கொண்டுபோய் விடுவாள். ஆனால் இத்தனை பேரிலும் ஒருத்தராவது தூரத்தையோ நேரத்தையோ கேட்டதில்லை. இப்போது கேட்கப் போகிறவர் நிஜமாகவே பறந்தவர்.

தோட்டத்துப் பள்ளிக்கூடத்துச் சின்னராசா வாத்தியாரிடம் ஒரு தேசப்படப் புத்தகம் இருந்தது. வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் ஆவுடையப்பன் அங்கே போனார். கண்டாக்கையா பையனுக்குப் பரீட்சையில் வந்த கேள்வி என்று சொல்லி வைத்தார். வாத்தியார், தெரியாது என்ற சொல்லைத் தன் வாழ்க்கையில் உபயோகிக்காதவர். உடனே ஒரு நூலை எடுத்தார்.

புத்தகத்தில் இலங்கை ஒரு பக்கம், இந்தியா மறு பக்கம். இலங்கைக்கு முழுப் பக்கம் கொடுத்திருந்ததால் அது ஏறத்தாழ இந்தியா அளவுக்கே பெரிதாக இருந்தது. வாத்தியார் பலாலியில் இருந்து பக்கத்தின் ஓரம் வரை ஒரு நூல் பிடித்தார். பிறகு மறுபக்கத்தின் ஓரத்தில் இருந்து திருச்சி வரை இன்னொரு நூல். இரண்டையும் முடிச்சுப் போட்டு, இந்தியாவின் அளவுகோலில் வைத்துப் பார்த்து, முந்நூற்றுப் பத்து மைல் என்றார். அந்தக் கணக்கில் டிக்கோயாவில் இருந்து பக்கத்து ஹட்டனுக்குப் போகவே ஒரு பகல் நடக்க வேண்டும். அதை அவர் பார்க்கவில்லை. நேரம் எவ்வளவு ஆகும் என்று கேட்டதற்கு, அது பாடத்தில் இல்லை என்றார்.

நேரத்துக்கு ஆவுடையப்பன் மச்சானைப் பிடித்தார். மீனம்மாவின் தம்பி கந்தப்பன் நானுஓயா ஸ்டேசனில் போர்ட்டர். ரயிலைப் பற்றித் தெரிந்தவனுக்குப் பிளேனைப் பற்றியும் தெரியும் என்று கணக்கப்பிள்ளைக்கு ஒரு நம்பிக்கை. கந்தப்பனுக்கும் அதே நம்பிக்கைதான்.

"ரயிலு ஏன் மச்சான் நேரமாகுது? வளைவு, சுரங்கம், ஸ்டேசனு, சிக்னலு. மேல இதுல என்ன இருக்கு? ஏறுனா எறங்க வேண்டியதுதான். கா மணி நேரம் போதும்."

ஆவுடையப்பன் இரண்டு பேருக்கும் மரியாதை செய்தார். படித்தவர் சொன்ன தூரத்தையும், வேலை தெரிந்தவன் சொன்ன நேரத்தையும் எடுத்துக்கொண்டார். முந்நூற்றுப் பத்து மைல், கால் மணி நேரம். இரண்டும் ஒன்றோடொன்று சேருமா என்று அவர் பார்க்கவில்லை. கொழுந்து நிறுக்கும்போது ஆளுக்கு அரை றாத்தல் குறைத்துப் போட்டே பழகியவர். கணக்கு சரியாக வர வேண்டும் என்ற கவலை அவருக்கு என்றைக்கும் இருந்ததில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் நாகலெட்சுமி நாளைக்குக் கட்ட வேண்டிய சேலையை மடித்துக்கொண்டிருந்தாள். அம்மா தண்ணிக்குப் போன நேரம் பார்த்து, தலையை நிமிர்த்தாமலே பேசினாள்.

"அப்பா, நாளைக்கு அவங்க கேட்டா கப்பல்னு சொல்லிருங்க."

ஆவுடையப்பன் கையில் இருந்த செம்பு சாய்ந்தது.

"அன்னைக்கு ஒங்க வேட்டிய நான்தான் தொவச்சேன். ஒரே உப்புத்தண்ணி வாடை. மேகத்துல உப்பு இருக்காதுப்பா." கொஞ்சம் நிறுத்தி, "எனக்கு இந்த எடத்த பிடிச்சிருக்கு. இதுவும் கெட்டுப்போச்சுன்னா எனக்குத் தாங்காது" என்றாள்.

தீபாவளிக்குத் துணி எடுக்கப் போனபோது, கடையில் குணசேகரம் ஒரு முழம் கூடுதலாக அளந்து கொடுத்துவிட்டு, கணக்கில் போட மறந்த மாதிரி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த ஒரு முழத்தை அவள் இன்னும் தைக்காமல் பெட்டியில் வைத்திருக்கிறாள். இது அப்பாவுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அவர் செய்வதைத்தான் செய்திருப்பார். கப்பலில் எல்லாரும்தான் வருகிறார்கள், அப்படி வந்தவன் வீட்டுக்கு முதலாளி எதற்காகப் படியேற வேண்டும் என்று மகளுக்குப் புத்தி சொல்லிவிட்டு, வெளியே போய்ச் சுருட்டுப் பற்றவைத்தார். முந்நூற்றுப் பத்து, கால் மணி என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை முதலாளியின் கார் கீழ் ரோட்டிலேயே நின்றுவிட்டது. செல்லசாமி முதலாளி, மனைவி ராசம்மா, காரை ஓட்டிவந்த குணசேகரம், தரகர், நாலு பேரும் படியேறி வந்தார்கள். முதலாளி மூச்சு வாங்கியபடியே உட்கார்ந்தார். வடையும் கேசரியும் வந்தன. நாகலெட்சுமி பால் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள். குணசேகரம் கோப்பையைப் பார்க்காமல் கதவைப் பார்த்தான். ராசம்மாவுக்குப் பெண்ணைப் பிடித்துப்போனது அவளுடைய முகத்திலேயே தெரிந்தது. அந்த நிமிஷத்தில் எல்லாரும் எழுந்து வெற்றிலை மாற்றியிருந்தால் இந்தக் கதைக்கு வேலையே இல்லை.

மீனம்மாவால் சும்மா இருக்க முடியவில்லை. இவங்களும் பிளேன்ல வந்தவங்கதான் என்று ஆரம்பித்தாள். தரகரும் ஒத்து ஊதினார். முதலாளி வடையைக் கீழே வைத்தார்.

"அப்படியா. ஒங்களுக்கு எத்தனை நேரம் எடுத்துச்சு கணக்கப்பிள்ளை?"

"கா மணி நேரம்."

"எத்தனை மைலு?"

"முந்நூத்திப் பத்து."

முதலாளி கடைக்காரர். துணியை அளக்கும்போதே விலையைப் போட்டு முடித்துவிடுகிறவர். அவருடைய உதடு ஒரு தடவை அசைந்தது, அவ்வளவுதான். "அப்ப மணிக்கு ஆயிரத்து இருநூறு மைலுக்கு மேல வருதே. பீரங்கிக் குண்டு கூட அப்படிப் போகாதே" என்றார்.

ஆவுடையப்பனுக்கு வியர்த்தது. தூரத்தைக் குறைத்தால் பொய், நேரத்தைக் கூட்டினால் சமாளிப்பு என்று எண்ணி நேரத்தைக் கூட்டினார். பறந்தது கால் மணிதான், ஆனால் நடுவில் கொஞ்ச நேரம் நின்றது என்றார்.

"நின்னுச்சா? எங்க?"

"கடலுக்கு மேல."

ஏன் நின்றது என்று கேட்டார் முதலாளி. ஆவுடையப்பன் மச்சானைப் பார்த்தார். தாய்மாமன் என்ற முறையில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த கந்தப்பன், ஸ்டேசன் உத்தியோகத்தின் முழு அதிகாரத்தோடு சொன்னான்: "சிக்னல் விழுந்திருக்காது."

குணசேகரம் இருமுவது போல வாயைப் பொத்திக்கொண்டான். உள்ளே கதவுக்குப் பின்னால் ஒரு வளையல் சத்தம் கேட்டு, சட்டென்று நின்றது.

ராசம்மா நல்ல மனுஷி. பேச்சை மாற்றுவதற்காக, பிளேனில் சாப்பிட என்ன கொடுத்தார்கள் என்று கேட்டாள். ஆவுடையப்பன் அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, இட்லி, சட்னி, கேட்டவர்களுக்கு இரண்டாம் தடவையும் என்றார். வாழை இலையிலா என்று அவள் கேட்க, ஆமாம், ஜன்னலைத் திறந்து வெளியே போட்டோம் என்றும் சொல்லிவிட்டார்.

முதலாளி நிமிர்ந்து உட்கார்ந்தார். கடையில் துணியை விரித்துக் காட்டும் அதே குரலில், ஒவ்வொன்றாக விரித்தார். பலாலிக்கும் திருச்சிக்கும் நூறு மைலுக்குக் கொஞ்சம் மேலே, பறக்கும் நேரம் முக்கால் மணி, ஏறும்போது காதுக்குப் பஞ்சு, வாய்க்கு ஒரு மிட்டாய், ஜன்னல் திறக்காது. அச்சடித்ததைப் படித்த மாதிரி இருந்தது. கேட்டுக்கொண்டிருந்த ஆவுடையப்பனுக்கே, அடடா, இதையெல்லாம் முதலிலேயே தெரிந்து வைத்திருக்கலாமே என்று ஏக்கமாகப் போய்விட்டது.

"எனக்குச் சொத்து வேணாம், நகை வேணாம்" என்றார் முதலாளி. "கடை வாசல்ல எழுதிப் போட்டிருக்கேன், ஒரே சொல்லுன்னு. இல்லாதவன்கிட்டப் பொண்ணு எடுப்பேன். பொய்யன்கிட்ட எடுக்க மாட்டேன்." எழுந்து துண்டை உதறினார்.

மீனம்மா ஓவென்று அழ ஆரம்பித்தாள். அழுகைக்கு நடுவிலும், முதலாளி ஏறியது வேறு ரக பிளேனாக இருக்கும் என்று புருஷனுக்கு வக்காலத்து வாங்கினாள். இங்கேயாவது ஆவுடையப்பன் வாயைத் திறந்து, கப்பல்தான், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கலாம். கதவுக்குப் பின்னால் நின்ற பெண் அந்த ஒரு வார்த்தைக்குத்தான் காத்திருந்தாள். ஆனால் முங்கிப்போகிறவன் கையில் எது அகப்பட்டாலும் பிடிப்பான். ஆவுடையப்பனுக்கு அகப்பட்டது சரிபுதீன் நானாவின் பெயர்.

"நான் பொய்யனா? ஹட்டன் ஸ்டேசன் வாசல்ல சரிபுதீன் நானா இருக்காரு. நான் வந்து எறங்குனத கண்ணால பாத்தவரு. அவர வந்து கேளுங்க."

இதைச் சொன்னதும் முதலாளியின் முகம் ஒரு மாதிரி ஆனது. தேத்தண்ணிக் கடை வாசலில் நின்று சம்பந்தம் பேசுவது தன் கௌரவத்துக்குப் பொருந்தாது, தான் அந்தப் பக்கமே போவதில்லை, கடைப் பையன்கள்தான் போவார்கள் என்றார். எதிராளி பின்வாங்குகிறான் என்று கண்ட ஆவுடையப்பனுக்கு எங்கிருந்தோ வீரம் வந்தது. கேட்காமல் போகக்கூடாது என்று வழியை மறித்துக்கொண்டு நின்றார். பொய் சொன்னவன், தன் பொய்க்குச் சாட்சி தேடி மூன்று மைல் போகலாம் என்று அடம்பிடித்த விசித்திரம் அந்த மலையில் அதற்கு முன்னால் நடந்ததில்லை.

"அந்த நானா சொன்னா சரியாத்தான் இருக்கும். போற வழிதானே, கேட்டுட்டே போவோம்" என்றாள் ராசம்மா. அவளுக்குப் பெண்ணை விட்டுவிட மனமில்லை.

காரில் ஆறு பேர் நெருக்கிக்கொண்டு ஹட்டன் வந்து சேர்ந்தபோது பனி இறங்கியிருந்தது. முதலாளி இறங்குவதற்கு முன்னால் மப்ளரை எடுத்துத் தலையோடு சேர்த்துச் சுற்றி, கண் மட்டும் தெரிய இழுத்துக் கட்டிக்கொண்டார். குளிர் என்றார். கடைக்குள் போனதும் மூலைப் பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

ஆவுடையப்பன் முன்னால் ஓடிப்போய் நானாவுக்குக் கண்ணைக் காட்டினார். கண்ணில் ஏதாவது விழுந்துவிட்டதா என்று நானா கேட்டார்.

ராசம்மாதான் விஷயத்தைக் கேட்டாள். மூன்று வருடத்துக்கு முன்னால் இந்தக் கணக்கப்பிள்ளை இந்தியாவில் இருந்து வந்து இந்தக் கடையில் இறங்கினாரே, ஞாபகம் இருக்கிறதா என்று. நானாவுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஒரு தடவை ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணியை அவர் மறக்கிற ஆள் இல்லை.

"அன்னைக்கு இவருக்குப் பிளேன்தானே?" என்று தரகர் எடுத்துக் கொடுத்தார்.

"பிளேன்தான்" என்றார் நானா.

"கேட்டுக்கங்க" என்று ஆவுடையப்பன் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், அவர் நிஜமாகவே ஆகாயத்தில் இருந்தார்.

"நான்தானே ஊத்திக் குடுத்தேன்" என்று நானா தொடர்ந்தார். "சக்கரை ரெண்டு துண்டு கேட்டாரு. பாவம், கப்பல்ல வந்த வயிறு, பால் நிக்கலன்னாரு."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கந்தப்பன் கூடச் சிரித்துவிட்டு, பிறகு சொந்தம் ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டான். தரகர் மட்டும் சிரிக்கவில்லை. மூன்று வருடமாகத் தான் விற்ற சரக்கு என்ன என்று அவருக்கு அப்போதுதான் விளங்கியது.

ஆவுடையப்பன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்கு மகளின் முகம் ஞாபகம் வந்தது. முதல் தடவையாக அந்த மூன்று வருடத்தில் அவருடைய தலைக்குள் தூரமும் நேரமும் இல்லை, தன் பெண் மட்டும்தான் இருந்தாள். மூலைப் பெஞ்சுக்குப் போய் முதலாளியின் முன்னால் நின்றார்.

"கப்பல்லதாங்க வந்தேன். பாதிக் கடல்ல சாகப் பாத்தேன். பிளேன கிட்ட நின்னு பாத்ததுகூட இல்லைங்க. என் வாயிதான் பொய்யி. என் பொண்ணு என்னைய மாதிரி இல்லைங்க. நேத்தே உண்மையச் சொல்லச் சொன்னா. நாந்தான் கேக்கல."

இத்தனை வருடத்தில் அந்த மனுஷர் பேசியதிலேயே கேட்கத் தகுந்த பேச்சு இதுதான். குணசேகரம் அப்பாவைப் பார்த்தான். ராசம்மா, போகட்டுமே என்று மெதுவாகச் சொன்னாள்.

முதலாளி போக விடுகிற ஆளா? எதிரில் ஒருத்தன் தலை குனிந்து நிற்கும் சந்தர்ப்பம் வாய்த்தால் அதை அளந்து, மடித்து, கட்டிக்கொண்டுதான் போவார். மப்ளருக்குள் இருந்தே பேசினார். கப்பலில் வந்ததில் என்ன கேவலம் என்று கேட்டார். கப்பலில் வந்தவன் கப்பலில் வந்தேன் என்று சொல்ல வேண்டும், அதுதான் ஆம்பிளைக்கு அழகு என்றார். இன்றைக்குப் பிளேன் என்பவன் நாளைக்குப் பெண்ணுக்கு என்ன நோய் இருந்தாலும் மறைப்பான் என்றார். கடைசியாக, கடையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, "ஆகாயத்துல பறந்த எனக்கும் கப்பல்ல வாந்தியெடுத்த ஒனக்கும் என்னய்யா சம்பந்தம்? இந்தப் பேச்சு இதோட முடிஞ்சுது" என்றார்.

ஆவுடையப்பனின் தோள் தொங்கிப்போனது. மேலே தோட்டத்தில், சேலையைக்கூட மாற்றாமல் ஜன்னலோரம் நின்று கீழ் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாள் நாகலெட்சுமி. அவளிடம் போய் என்ன சொல்வது?

இவ்வளவு பேச்சுக்கும் நடுவில் சரிபுதீன் நானா தன் வேலையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். வாடிக்கைக்காரர் உட்கார்ந்தால் தேத்தண்ணி போக வேண்டும், அவ்வளவுதான். ஆவி பறக்கும் இரண்டு கோப்பைகளையும் சக்கரைத் துண்டுகளையும் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு மூலைப் பெஞ்சுக்கு வந்தார். மப்ளருக்குள் தெரிந்த கண்களைக் குனிந்து ஒரு தடவை பார்த்தார். அவருடைய முகம் பழைய சிநேகிதனைக் கண்ட மாதிரி மலர்ந்தது.

"அட, மப்ளரக் கட்டுனதும்தான் ஆளு பிடிபட்டுச்சு, அன்னைக்கு நான் பிளேன் ரெண்டுன்னு சத்தம் போட்டதுல ஒண்ணு கணக்கப்பிள்ளைக்கு, மத்தது அதே கப்பல்ல வந்து இதே மூலையில மொனகிக்கிட்டுக் கெடந்த ஒங்களுக்குத்தானே முதலாளி?"